ஒரே வாசல், அதற்கும் பூட்டு: புரோக்சி சர்வரும் நம் சமுதாயமும்

தோட்டப்புறத் தமிழனுக்கு இந்த நாட்டில் எல்லாமே ஒரே வாசல் வழியாகத்தான் வந்தது. தண்ணீர் லயத்துக்கு ஒரே பைப்பில் வந்தது. மருந்து தோட்டத்து டிரெஸ்ஸர் கையால் வந்தது. ஊரிலிருந்து வந்த கடிதம்கூட தோட்டத்து ஆபீசுக்குப் போய், கிராணியின் மேசையில் கிடந்து, அதன்பிறகுதான் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. கிராணிக்குக் காய்ச்சல் என்றால் தோட்டம் முழுவதற்கும் கடிதம் இல்லை. அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

இன்று பீடோர், தாப்பா, சுங்கை, சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் மரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். செம்பனை வந்துவிட்டது. லயத்தை விட்டு நம் மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். பையனுக்கு யு.பி.யு. விண்ணப்பம், மெட்ரிகுலேஷன் விண்ணப்பம், அம்மாவுக்கு உதவித்தொகைப் பதிவு, அப்பாவுக்கு சேமநிதிக் கணக்கு எல்லாமே இணையத்தில். ஒற்றை வாசல் பழக்கம் ஒழிந்ததா என்றால், இல்லை. அது இப்போது கம்ப்யூட்டருக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் புரோக்சி சர்வர்.

"உரிமையைப் பேசுகிற பக்கத்தில் கம்ப்யூட்டர் பாடமா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதுவும் உரிமைப் பிரச்சினைதான்.

புரோக்சி என்றால் என்ன?

பள்ளிக்கூடம், சமூகக் கணினி மையம், அலுவலகம், சைபர் கஃபே போன்ற இடங்களில் பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே இணைய இணைப்புதான் இருக்கும். அந்த இணைப்புக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தி, "யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் என்னிடம் கேள், நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்ல வைப்பதுதான் புரோக்சி. ஒருவர் கேட்ட பக்கத்தை அது சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் கொடுக்கும். லைன் மிச்சமாகும். பிள்ளைகள் பார்க்கக்கூடாத பக்கங்களைத் தடுக்கும். யார் எங்கே போனார் என்று கணக்கும் எழுதி வைக்கும். சுருங்கச் சொன்னால், பழைய தோட்டத்து ஆபீஸ் கிராணியின் அதே வேலை.

இந்த வேலைக்கு உலகமெங்கும் அதிகம் பயன்படும் இலவச மென்பொருள்களில் ஒன்று ஸ்குவிட். ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிரிந்து, டுவேன் வெசல்ஸ் என்பவரின் கையில் 1996ஆம் ஆண்டு உருவானது. தொடக்கத்தில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதி இருந்தது. அந்த நிதி நின்றபின் பெரும்பாலும் தொண்டூழியர்களே அதைத் தாங்கி வருகிறார்கள். காசு கொடுக்க வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் ஏழைப்பட்ட அமைப்புகளுக்கு இது வரப்பிரசாதம். அதை நாம் மறுக்கவில்லை.

கிராணியை மயக்கம் போட வைக்கும் கடிதம்

பாதுகாப்பு ஆய்வாளர் ஜோஷுவா ரோஜர்ஸ் 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்குவிட் மென்பொருளைத் துருவித் துருவிச் சோதித்தார். அவர் கண்டெடுத்த ஓட்டைகள் 55. அத்தனையையும் அதை எழுதுகிறவர்களிடம் தெரிவித்தார். இரண்டரை ஆண்டு காத்திருந்தார். 2023 அக்டோபரில் அவர் பகிரங்கமாக வெளியிட்டபோது, அவற்றில் 35க்கு இன்னமும் மருந்து இல்லை! இணையத்தில் வெளியே தெரியும்படி ஓடிக்கொண்டிருக்கும் ஸ்குவிட் சர்வர்கள் 25 லட்சத்துக்கும் மேல் என்றும் அவர் எழுதினார்.

இந்த ஓட்டைகளில் பல ஒரே வகையைச் சேர்ந்தவை. 'சேவை மறுப்பு' என்று சொல்வார்கள். கள்ளன் உள்ளே புகுந்து எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. சர்வரை விழுந்துபோகச் செய்தாலே போதும். அதன் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் இணையம் போய்விடும்.

எப்படி விழுகிறது? கிராணி கதையிலேயே சொல்கிறேன். ஒருவன் ஒரு கடித உறை அனுப்புகிறான். பிரித்தால் உள்ளே இன்னோர் உறை. அதைப் பிரித்தால் இன்னொன்று. அறிவுள்ள கிராணி பத்தாவது உறையிலேயே "இது வேலைக்கு ஆகாது" என்று குப்பையில் போட்டுவிடுவார். நம் கிராணிக்கோ 'எங்கே நிறுத்த வேண்டும்' என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிரித்த உறைகளை மேசைமேல் அடுக்கிக்கொண்டே போகிறார். மேசை நிரம்புகிறது. அடுக்கு சரிகிறது. கிராணி மயங்கி விழுகிறார். அன்றைக்கு யாருக்கும் கடிதம் இல்லை.

2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட சி.வி.இ-2024-25111 என்ற ஓட்டை ஏறக்குறைய இதுதான். இணையத்தில் பெரிய தகவலைத் துண்டு துண்டாக அனுப்பும் முறை ஒன்று உண்டு. அந்தத் துண்டுகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி தன்னைத் தானே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்ளும், எல்லை கிடையாது. வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த ஒரு தகவல் போதும், சர்வர் விழுந்துவிடும். 3.5.27 பதிப்பிலிருந்து 6.8க்கு முந்தைய பதிப்புகள் வரை இந்தக் கோளாறு இருந்தது. 6.8 பதிப்பில் சரி செய்தார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பரில் வெளிவந்த சி.வி.இ-2023-50269 இன்னும் சுவாரசியமானது. ஒரு கோரிக்கை எந்தெந்த புரோக்சி வழியாக வந்தது என்று பட்டியல் போடும் ஒரு தலைப்பு வரி உண்டு. ஒரு குறிப்பிட்ட அமைப்பு இயக்கப்பட்டிருக்கும் சர்வருக்கு அந்தப் பட்டியலை மிக நீளமாக எழுதி அனுப்பினால், சர்வர் அதைப் படித்துப் படித்தே சாய்ந்துவிடும். இந்த ஓட்டை 2006இல் வெளிவந்த 2.6 பதிப்பிலேயே இருந்தது. 6.6 பதிப்பில்தான் அடைத்தார்கள். 17 ஆண்டு! அந்த ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பல்கலைக்கழகமே முடித்திருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பெரிய பெரிய தளங்களை முடக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திரட்டி வெள்ளம்போல் கோரிக்கை அனுப்புகிறார்களே, அது வேறு. அதற்குப் படை வேண்டும், பணம் வேண்டும். மேலே சொன்ன ஓட்டைகளுக்குப் படை தேவையில்லை. ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கோணல் தகவல். அவ்வளவுதான்.

"கைப்பேசி இருக்கிறதே, நமக்கென்ன?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வசதியுள்ளவருக்கு வீட்டில் ஃபைபர், கையில் மாதக்கட்டணக் கைப்பேசி, அலுவலகத்தில் இன்னொரு இணைப்பு. ஒன்று போனால் இன்னொன்று. அவருக்கு சர்வர் விழுந்தால் அரை மணி நேர எரிச்சல், அவ்வளவே.

பிரீபெய்ட் கார்டில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளை பெரிய விண்ணப்பத்தை நிரப்ப, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற, பள்ளிக்கோ கணினி மையத்துக்கோதான் போகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு. கடைசி நாள் இரவு 11.59க்குக் கதவு சாத்தப்படும். "எங்கள் மையத்தில் புரோக்சி விழுந்துவிட்டது" என்று கடிதம் எழுதினால் எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்? 2024இல் பாடு தகவல் தளத்தில் பதிய ஜனவரி 2 முதல் மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். கடைசி நாளில் முகப்புகளில் மக்கள் வரிசை பிடித்து நின்றதை நாடே பார்த்தது. வரிசையில் நின்றவர்கள் யார்? வீட்டில் வசதி உள்ளவர்களா?

செய்தி விஷயமும் இதேதான். 1924ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. நம் செய்தி, நம் வரலாறு, நம் கோரிக்கை மனு எல்லாம் மேலும் மேலும் இணையத்துக்கே போகின்றன. அந்த வழி அடைபட்டால் நம் வாயும் அடைபடும்.

நான் பீடோரில் பார்த்தது

பெயர் வேண்டாம். ஒரு பொதுச்சேவை அமைப்பின் கணினி மையம். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர், மாலையில் தேர்வு எழுதும் பிள்ளைகள், சனிக்கிழமையில் தாய்மார்கள். நல்ல மனசோடு நடத்தினார்கள். திடீர் திடீரென்று எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் இணையம் போகும். லைன்காரரைக் கூப்பிடுவார்கள், அவர் வந்து பார்த்து "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று போய்விடுவார். யாராவது மூலையில் இருக்கும் பழைய பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி வரும்.

அந்த மூலைப் பெட்டியில் ஓடியது பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத ஸ்குவிட். வைத்துக் கொடுத்த தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. யாராவது தாக்கினார்களா, மென்பொருள் தானாக விழுந்ததா? பதிவேட்டைத் திறக்கவே முடியாதபோது யார் சொல்வது? மையத்து அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நமக்கு யாரு தம்பி எதிரி? நம்மள போய் யாரு தாக்கப் போறான்?"

அங்கேதான் தவறு நடக்கிறது. இந்த மாதிரித் தாக்குதலுக்கு எதிரி வேண்டியதில்லை. ஓட்டையுள்ள சர்வரைத் தேடி இணையம் முழுவதும் இரவு பகலாகத் தானாகத் துழாவும் நிரல்கள் ஓடுகின்றன. அவற்றுக்கு நீங்கள் தமிழரா, ஏழையா, பீடோரா, பெட்டாலிங் ஜெயாவா என்று தெரியாது. திறந்த கதவு தெரிந்தால் உள்ளே கல் எறியும்.

எதிரி இருக்கும்போது?

எதிரி இருக்கும் காலமும் வரும். 2011 ஏப்ரல் 16ஆம் தேதி சரவாக் மாநிலத் தேர்தல். அதற்கு நான்கு நாள் முன்பு மலேசியாகினி தளம் கோரிக்கை வெள்ளத்தால் முடக்கப்பட்டது. சரவாக் ரிப்போர்ட் தளமும் அதே காலத்தில் தாக்கப்பட்டது. மலேசியாகினி தன் செய்திகளை ஃபேஸ்புக்கிலும் இலவச வலைப்பூக்களிலும் போட்டுத் தாக்குப் பிடித்தது. மக்களுக்குச் செய்தி மிகத் தேவைப்படும் வாரத்தில், சரியாக அந்த வாரத்தில், கதவை அடைத்தார்கள். யார் செய்தார் என்பது வேறு விஷயம். எந்த நேரத்தில் செய்தார் என்பதைப் பாருங்கள்.

அதே ஆண்டு ஜூனில் அரசாங்கத்துக்கும் அதே மருந்து கிடைத்தது. கோப்புப் பகிர்வுத் தளங்கள் பத்தைத் தடுக்கச் சொன்னதைக் கண்டித்து 'அனானிமஸ்' கூட்டம் 51 அரசாங்கத் தளங்களைத் தாக்கியது. அவற்றில் குறைந்தது 41 பாதிக்கப்பட்டதாகத் தொடர்பு, பல்லூடக ஆணையமே அறிவித்தது. அதை நாம் கைதட்டி வரவேற்கவில்லை. அரசாங்கத் தளம் விழுந்தாலும் அன்றைக்கு விண்ணப்பம் அனுப்ப முடியாமல் தவிப்பவன் நம் பாமரன்தான்.

இன்னொரு வகை அடைப்பு உண்டு. சட்டத்தின் பெயரால் வருவது. 2008 ஆகஸ்டு இறுதியில் மலேசியா டுடே தளத்தை இணையச் சேவை நிறுவனங்கள் மூலம் தடுத்தார்கள், செப்டம்பரில் திறந்தார்கள். 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட், 2016 பிப்ரவரியில் தி மலேசியன் இன்சைடர். இத்தனைக்கும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பிரிவு 3(3), இந்தச் சட்டம் இணையத் தணிக்கைக்கு இடம் கொடுப்பதாகப் பொருள் கொள்ளக்கூடாது என்கிறது! இலங்கையிலும் 2007 ஜூனில் தமிழ்நெட் தளத்தை இப்படித்தான் அடைத்தார்கள்.

2024 செப்டம்பரை மறந்துவிடக்கூடாது. தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில், வெளிநாட்டு சர்வரை நாம் தேர்ந்தெடுத்தாலும் அதை இடைமறித்து உள்நாட்டு நிறுவனங்களின் சர்வருக்கே திருப்ப வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. செப்டம்பர் 30 கெடு. மக்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று சொன்னார். சூதாட்டம், ஆபாசம், மோசடியைத் தடுக்கத்தான் என்றார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். எல்லா ஓட்டத்தையும் சில வாசல்களில் கொண்டுவந்து குவித்தால், அந்த வாசலில் ஓட்டை விழும் நாளில் என்ன ஆகும்? தடுப்பவனுக்கு வசதியான வாசல், தாக்குபவனுக்கும் வசதியான வாசல். இதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கருத்து.

யாரைக் குற்றம் சொல்வது?

ஸ்குவிட் எழுதுகிற தொண்டூழியர்களைத் திட்டுவது நியாயமில்லை. அவர்களிடம் ஆள் பலம் இல்லை என்பதை ஓட்டைகளைக் கண்டுபிடித்த ரோஜர்ஸே சுட்டிக்காட்டினார். கோவில் அன்னதானத்தில் பந்தியில் உட்கார ஆயிரம் பேர், அண்டா கழுவ நாலு பேர் என்ற கதைதான். லட்சக்கணக்கான அமைப்புகள் அந்த மென்பொருளைச் சாப்பிட்டன. அண்டா கழுவ வந்தவர் எத்தனை பேர்?

ஆனால் திட்டம் போடுகிறவர்களைக் கேட்கலாம். பள்ளிகளுக்கு இணையம் தர 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் மதிப்பு 400 கோடி ரிங்கிட்டுக்கும் மேல். 10,000 பள்ளிகள் என்றார்கள். 2019 நடுவில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் பெட்டி வாங்கக் காசு இருக்கிறது, ரிப்பன் வெட்டக் காசு இருக்கிறது; பத்து ஆண்டு பராமரிக்க யாருக்குச் சம்பளம் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. 2024 ஆகஸ்டு 26இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் மின்சாரம், வங்கி, மருத்துவம் போன்ற முக்கியத் துறைகளுக்குக் கடமைகளை விதிக்கிறது. நல்லது. தாமான் ஓரத்தில் இருக்கும் சமூகக் கணினி மையம் அந்தப் பட்டியலில் வராது. கீழே உள்ளவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகுகிறது, நீங்கள் புரோக்சி பேசுகிறீர்களே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரை ஒழுகினால் நனைகிறோம், கண்ணுக்குத் தெரிகிறது, மனு கொடுக்கிறோம். சர்வர் விழுந்தால் யாருக்கும் தெரிவதில்லை. "லைன் ஸ்லோ" என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இழப்புக்கு மனு கொடுக்க நம் சமுதாயம் இன்னும் பழகவில்லை.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், ஒவ்வொரு கணினி மையமும் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும்: நம் இணைய வாசலில் என்ன மென்பொருள்? என்ன பதிப்பு? கடைசியாக எப்போது புதுப்பித்தோம்? பாஸ்வேர்டு எந்த இருவரிடம் உள்ளது?

2. ஸ்குவிட் 6.8க்குக் கீழே இருந்தால், திருத்தம் சேர்க்கப்பட்ட பதிப்புக்கு உடனே மாற்றுங்கள். அதன்பிறகும் புதிய ஓட்டைகள் வந்துகொண்டுதான் இருக்கும், ஆகையால் மாதம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்குங்கள். லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துத் தருவதும் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் தானாக இறங்கும்படி வைத்துவிடுங்கள்.

3. மையத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் புரோக்சி பதில் சொல்லட்டும். வெளி உலகத்துக்கு அந்தக் கதவு தெரியவே கூடாது. தேவையில்லாத வசதிகளை அணைத்து வையுங்கள்.

4. அது அவசியமா என்றும் கேளுங்கள். சேமித்து வைத்து லைன் மிச்சம் பிடித்த காலம் போய்விட்டது. இன்று பெரும்பாலான பக்கங்கள் பூட்டிய உறையில் வருவதால் சாதாரணமாக அமைத்த புரோக்சியால் அவற்றைச் சேமிக்க முடியாது. தேவையில்லாவிட்டால் பெட்டியை எடுத்துவிடுங்கள். இல்லாத கதவுக்கு ஓட்டை விழாது.

5. உரிமை அமைப்புகளும் செய்தித் தளங்களும் வெள்ளத் தாக்குதலுக்குத் தயாராக இருக்கட்டும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் புராஜெக்ட் கலிலியோ 2014 முதலும், கூகுளின் புராஜெக்ட் ஷீல்டு 2013 முதலும் இப்படிப்பட்ட தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்பு தருகின்றன. விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அதுவும் ஒரு வாசல்தான் என்பதை மறக்காமல், செய்திகளின் நகலை இன்னோர் இடத்திலும் வையுங்கள்.

6. அரசாங்கத்திடம் நம் கோரிக்கை: பள்ளி, கிராமப்புற இணையத் திட்டம் ஒவ்வொன்றிலும் பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு, எத்தனை மணி நேரம் இணைப்பு அறுந்தது என்ற கணக்குப் பகிரங்கமாக, கடைசித் தேதி நாளில் தளமோ இணைப்போ விழுந்தால் தானாக நீட்டிப்பு. இது சலுகை அல்ல. விண்ணப்பத்தை இணையத்தில் மட்டும்தான் வாங்குவேன் என்று சொன்ன அரசாங்கத்தின் கடமை.

ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக், கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். பீடோரிலிருந்து மேலே போனாலும் கீழே போனாலும் கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கு ஒரு மையம். ஒரு பாஸ்வேர்டு மீட்பு, ஒரு புதுப்பிப்பு, ஒரு தாளில் குறிப்பு. இதற்கு எந்த அமைச்சரின் கையெழுத்தும் வேண்டாம், எந்தக் கட்சியின் அனுமதியும் வேண்டாம். தம்பி தங்கைகளே, முன்வாருங்கள்.

கிராணியின் தயவை எதிர்பார்த்து மூன்று தலைமுறை வாசலில் நின்றது போதும். நம் வாசலின் சாவி நம் கையில் இருக்கட்டும்.